வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மா அப்பாவுக்குத் திடீரென்று புதிதாக ஒரு கஷ்டம் வந்தால்: முழுமையான வழிகாட்டி

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னைப் பார்த்து, "நீ யாரும்மா? என்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். படுத்திருந்தது எங்கள் வீட்டில், அவளுடைய கட்டிலில். முந்தின நாள் சாயங்காலம்கூடப் பேரனிடம் பரீட்சை எப்படி எழுதினாய் என்று விசாரித்தவள். இப்போது நைட்டியைப் பிடித்து இழுக்கிறாள், கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறாள், கையைப் பிடித்தால் உதறுகிறாள். மார்பகப் புற்று எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இனிமேல் கீமோ வேண்டாம், வலியில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டரும் நாங்களும் முடிவெடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மூளைக்கும் போய்விட்டது, இதுதான் கடைசி என்று அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டான். 108-ஐக் கூப்பிட்டோம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் மூன்று மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். விடியப்போகும் நேரத்தில் டூட்டி மாறி வந்த ஒரு சிஸ்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா கடைசியா எப்போ யூரின் போனாங்க?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. டியூப் போட்டதும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வந்தது. அரை மணி நேரத்தில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

அந்த டியூபை எங்கள் வீட்டுக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்த பேலியேட்டிவ் குழுவின், அதாவது வலியையும் கஷ்டத்தையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் குழுவின், சிஸ்டரே வந்து போட்டிருப்பார். அவருடைய எண் என் போனிலேயே இருந்தது. பயத்தில் அது நினைவுக்கு வரவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு மகளோ மகனோ இப்படித் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. நான்கு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அந்தக் குழுவிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது இது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

குணமாகாத நோயாளியைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் என்றதும் தனிக் கட்டடம் ஒன்று மனதில் வரும். 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸ் அப்படி ஒரு கட்டடம்தான். நம் ஊரில் படுக்கை வசதியுள்ள ஹாஸ்பிஸ் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு வீடுதான் ஹாஸ்பிஸ். அறக்கட்டளைகளும் சில மருத்துவக் கல்லூரிகளும் வீட்டுக்கு ஆள் அனுப்புகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை உண்டு. ஆனால் சிஸ்டர் வந்துபோகும் ஒரு மணி நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். அதனால் புதிதாக ஒன்று வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்: இப்போது இவருக்கு எது கஷ்டம், அதை இங்கேயே குறைக்க முடியுமா?

முதல் படி: ராத்திரி வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

இதை இன்றே செய்யுங்கள். நிலைமை நன்றாக இருக்கும் நாளில் செய்வதுதான் நல்லது.

குழு அடுத்த முறை வரும்போது ஒன்று கேளுங்கள்: "எங்க அம்மாவுக்கு இருக்கிற நோயில், அடுத்த சில வாரத்தில் திடீர்னு என்னென்ன வரலாம்?" அவர்களுக்குத் தெரியும். எலும்பில் பரவியிருந்தால் எலும்பு முறிவு, முதுகுத்தண்டு அழுத்தம், ரத்தத்தில் கால்சியம் ஏறுவது. கல்லீரல் கெட்டிருந்தால் குழப்பம், வயிற்றில் நீர். நுரையீரலாக இருந்தால் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம். கேட்கவே பயமாக இருக்கும். நானும் கேட்காமல் தள்ளிப்போட்டேன். பெயர் தெரிந்த பயம் பெயர் தெரியாத பயத்தைவிடச் சின்னது.

அப்புறம், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். பகல் எண், ராத்திரி எண், ஞாயிற்றுக்கிழமை எண் மூன்றும் ஒன்றாக இருக்காது. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்றால், யாரிடம் கேட்கலாம் என்று அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 104-க்கு அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். ஆனால் உங்கள் அம்மாவின் கதை அவர்களுக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

அவசர மருந்து டப்பா ஒன்று தயாராக இருக்கட்டும். கூடுதல் வலிக்கு, வாந்திக்கு, மூச்சுத்திணறலுக்கு, பதற்றத்துக்கு, காய்ச்சலுக்கு, வலிப்புக்கு என்று டாக்டர் எழுதித் தரும் மருந்துகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எதற்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினை மட்டும் வாரம் இருமுறை எண்ணிப் பாருங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபோது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் மார்ஃபின் வைத்திருப்பது எளிதானது. ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் அது கிடைக்காது. வெள்ளிக்கிழமை தீர்ந்துபோனால் திங்கட்கிழமைவரை அம்மா வலியில் துடிக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை, ஆஸ்பத்திரியைப் பற்றி முன்கூட்டியே பேசி வைப்பது. கேஷுவாலிட்டியில் இருக்கும் டாக்டருக்கு உங்கள் முடிவு தெரியாது. மூச்சு குறைந்தால் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைப்பதுதான் அவருடைய கடமை. அது வேண்டாம் என்று அம்மா நினைத்தால் அவள் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இத்தகைய முன்விருப்ப ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. ஆவணம் செய்ய முடியாவிட்டாலும், நோயின் நிலையையும் எடுத்த முடிவையும் சொல்லும் ஒரு கடிதத்தை டாக்டரிடம் வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் கூடப்பிறந்தவர்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். துபாயிலிருந்து ராத்திரி மூன்று மணிக்குப் போனில் வாதாடும் தம்பி பாசம் இல்லாதவன் அல்ல. அவனுக்கு இந்தப் பேச்சு முன்பே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: முதல் ஐந்து நிமிடம்

ஓடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். விளக்கைப் போடுங்கள், டிவியை நிறுத்துங்கள், கூட்டமாக நிற்பவர்களை வெளியே அனுப்புங்கள். கையைப் பிடித்து, "நான் இங்கதான் இருக்கேன்மா" என்று சொல்லுங்கள். உங்கள் குரல் நிதானமாக இருந்தால் அவருடைய மூச்சும் கொஞ்சம் நிதானமாகும். நான் கண்ணால் பார்த்தது.

பிறகு முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்கியிருக்கிறதா, முனகல் இருக்கிறதா, கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா? பேச முடியாதவருக்கு வலி இருப்பதை நெற்றிதான் சொல்லும். அதன்பின் தலையிலிருந்து கால்வரை ஒரு சுற்றுப் பாருங்கள். இந்த வரிசையை நான் ஒரு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன்:

- மூச்சு: ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.
- உடம்பு சூடாக இருக்கிறதா?
- வாய் காய்ந்திருக்கிறதா, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா?
- அடிவயிறு உப்பலாக, தொட்டால் துடிக்கும்படி இருக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் போனார்? டியூப் இருந்தால் மடங்கியிருக்கிறதா, பையில் ஏதாவது இறங்குகிறதா?
- மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று?
- கடைசி மருந்து எத்தனை மணிக்கு? நேற்றோ இன்றோ புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தோமா, ஏதாவது விட்டுப்போனதா?
- சர்க்கரை நோயாளி என்றால் விரலில் குத்திப் பாருங்கள்.

கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் பல அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாடு இரண்டு ஸ்பூன் கஞ்சியாகக் குறைந்த பிறகும் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று வியர்த்து, குழறி, மயங்குவார். மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால், விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே குழுவைக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே உதவிக்கு அழையுங்கள். சாப்பாடு குறைய ஆரம்பிக்கும்போதே சர்க்கரை மருந்தைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டால் இந்த நிலையே வராது.

மூன்றாம் படி: போனில் எப்படிச் சொல்வது

"அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ், சீக்கிரம் வாங்க" என்றால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு எழுபத்தொரு வயசு, மார்பகப் புற்று, வீட்டில பார்த்துட்டு இருக்கோம். ராத்திரி ஒரு மணியிலிருந்து ஆள் அடையாளம் தெரியல, எழுந்திருக்கப் பாக்குறாங்க. காய்ச்சல் இல்ல. மதியத்துக்கு அப்புறம் யூரின் போகல. மலம் போய் நாலு நாள் ஆச்சு. பத்து மணிக்கு மார்ஃபின் கொடுத்தோம். இப்போ நாங்க என்ன செய்யலாம்?" இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும். மூச்சு சத்தமாகவோ விட்டு விட்டோ இருந்தால் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள். அவர்கள் சொல்வதை நோட்டில் மணியோடு எழுதுங்கள். பதற்றத்தில் கேட்டது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

நான்காம் படி: எது வந்தால் என்ன செய்வது

திடீர்க் குழப்பம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் குடும்பத்தை இதுபோல உடைப்பது வேறெதுவும் இல்லை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று இல்லாத பூனையை விரட்டுகிறார், மகளைத் திருடி என்கிறார், அல்லது நேர்மாறாகச் சுவரைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் கிடக்கிறார். இரண்டும் ஒரே வகைதான். மருத்துவத்தில் டெலீரியம் என்பார்கள். பைத்தியம் இல்லை, வயதான மறதியும் இல்லை. உடம்பில் ஏதோ ஒன்று தடுமாறுவதை மூளை இப்படிக் காட்டுகிறது. சிறுநீர் அடைப்பு, நாள்கணக்கில் மலச்சிக்கல், தொற்று, நீர் வற்றுவது, சோடியம் குறைவது, கால்சியம் கூடுவது, சர்க்கரை இறங்குவது, அடங்காத வலி, புது மாத்திரை, அளவு கூடிய பழைய மாத்திரை: இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால்தான் அந்தத் தலைமுதல் கால்வரை சோதனை.

காரணம் தெரியும்வரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும், இருட்டு குழப்பத்தைக் கூட்டும். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியை, காதுமெஷின் உண்டென்றால் அதையும் மாட்டிவிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசட்டும். "அப்படி யாரும் இல்லை, நீ உளறுற" என்று வாதாட வேண்டாம், "பயமா இருக்காம்மா? நான் இருக்கேன்" என்பது போதும். கையைக் கட்டிலோடு கட்டாதீர்கள். கட்டினால் போராட்டம் கூடும், தோல் கிழியும். கீழே விழுவார் என்று பயமாக இருந்தால் மெத்தையைத் தரையில் போடுங்கள். பதற்றம் அடங்கவில்லை என்றால் அதற்கென்றே மருந்து இருக்கிறது, குழு சொல்லும்போது கொடுக்கத் தயங்காதீர்கள்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். "எங்கம்மா வாசல்ல நிக்கிறா, கூப்பிடுறா" என்று செத்துப்போன பாட்டியைப் பற்றி அம்மா சிரித்த முகத்தோடு சொன்னால் அதற்கு மருந்து தேட வேண்டாம். கடைசி வாரங்களில் பலருக்கு இது வரும். அவருக்கு அது ஆறுதலாக இருந்தால் நமக்கும் அது போதும். "பாட்டி என்ன சொல்றாங்க?" என்று நான் கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேக்குறா" என்றாள்.

மூச்சுத்திணறல். பார்ப்பவருக்கே நெஞ்சு அடைக்கும். படுக்க வைத்திருந்தால் உடனே தூக்கி உட்கார வையுங்கள். முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து உட்காரட்டும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சின்ன மேசை விசிறியைக் கன்னத்திலும் மூக்கிலும் காற்று படுகிற மாதிரி வையுங்கள். முகத்தில் படும் குளிர்காற்று திணறல் உணர்வைக் குறைக்கும் என்பது ஆராய்ந்து பார்த்த உண்மை. ஈரத்துணியால் முகத்தைத் துடையுங்கள். உங்கள் மூச்சை அவர் பார்க்கும்படி மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக விடுங்கள். அவரும் கூடவே செய்ய ஆரம்பிப்பார். டாக்டர் எழுதியிருந்தால் மூச்சுக்கான சிறிய அளவு மார்ஃபினைக் கொடுங்கள். மார்ஃபின் வலிக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சரியான அளவில் மூச்சுத்திணறலின் தவிப்பைக் குறைக்கும் முக்கியமான மருந்தும் அதுதான். ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைவதற்கு முன் குழுவைக் கேளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, சிலிண்டரால் வரும் பலன் விசிறியால் வருவதைவிடப் பெரிதில்லை. ஆக்சிமீட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலில் மாட்டாதீர்கள். எண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள்.

திடீர் வலி. வழக்கமான வேளை மருந்தையும் மீறி வலி கிளம்பினால், அதற்கென்று சொல்லிவைத்த கூடுதல் வேளையைக் கொடுங்கள். வாய்வழி மார்ஃபின் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகலாம். கொடுத்த நேரத்தை எழுதுங்கள். ஒரு நாளில் பலமுறை கூடுதல் வேளை தேவைப்பட்டால், அடிப்படை அளவை மாற்ற வேண்டும் என்று பொருள், குழுவிடம் சொல்லுங்கள். விழுங்கக் கஷ்டம் என்று மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள், முழு மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும். தோலில் ஒட்டும் பேட்ச் இருந்தால் அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். காய்ச்சலிலும் அதே ஆபத்து உண்டு.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. எங்கள் பெரியம்மாவே மாத்திரையை ஒளித்து வைத்தார்கள். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைச் சுருக்குவதில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம், நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு, ஊசிமுனை போன்ற கண்மணி, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது. இவை தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் குழுவிடம் பேசுங்கள். சிறுநீரகம் தளரும்போது மருந்து உடம்பில் தேங்குவதால் இப்படி ஆகலாம். நீங்களாக முழுவதும் நிறுத்தினால் வலி இரண்டு மடங்காகத் திரும்பும்.

வயிறு. மார்ஃபின் எடுக்கிறவருக்கு மலமிளக்கி தினமும் வேண்டும், சாப்பாடு குறைந்தாலும் வேண்டும். நாலைந்து நாள் போகாமல் இருந்து திடீரெனத் தண்ணீராகப் போனால் பேதி என்று நினைத்துப் பேதி நிற்கும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகியதைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம். பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், வாயு பிரியாமல் வலி என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் உடனே கூப்பிடுங்கள். காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால் உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம். திடீரென்று சாப்பாட்டைத் தள்ளினால் வாயைத் திறந்து பாருங்கள், வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் மருந்தில் சில நாளில் சரியாகும்.

வலிப்பு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள பொருள்களை நகர்த்துங்கள், மணியைப் பாருங்கள். கையில் இரும்பு, சாவிக்கொத்து கொடுக்க வேண்டாம், வாயில் ஸ்பூன் திணிக்கவே வேண்டாம், பல் உடைந்து தொண்டைக்குள் போகும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்திருந்தால் சொன்னபடி பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் அவசரம்.

ரத்தம். வெளியே புண்ணிலிருந்து வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கழுத்திலோ வாயிலோ பெரிய புண் இருப்பவருக்கு இது வரலாம் என்று குழு எச்சரித்திருந்தால், அடர்பச்சை, அரக்கு நிறத் துண்டுகளைக் கட்டிலடியில் வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் பரவும் ரத்தம் அவரையும் உங்களையும் ஒருசேரப் பதறவைக்கும்.

காய்ச்சலுக்குச் சொன்ன பாராசிட்டமால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, மெல்லிய போர்வை. ஆனால் சமீப வாரங்களில் கீமோ எடுத்தவர் என்றால் காய்ச்சலை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அப்போதே கூப்பிட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: எப்போது ஆஸ்பத்திரி சரி

வீட்டில் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்று அர்த்தமில்லை. முதுகில் புது வலி, இரண்டு காலும் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது: எலும்பில் பரவிய புற்றில் இது முதுகுத்தண்டு அழுத்தத்தின் அறிகுறி. அதுவரை நடந்துகொண்டிருந்தவர் என்றால் மணிக்கணக்குதான் முக்கியம். அன்றே ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் கிடைத்தால் காலைக் காப்பாற்றலாம். விழுந்து இடுப்பு உடைந்தால், முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு முட்டினால், வீட்டு மருந்தில் அடங்காத வலி வந்தால், எழுப்ப முடியாத மயக்கத்துக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும் என்று குழு நினைத்தால், போகலாம். போகும்போது குழுவிடம் சொல்லிவிட்டு, ஃபைலும் அந்தக் கடிதமும் மருந்து டப்பாவும் எடுத்துக்கொண்டு போங்கள். "நாங்க வந்தது இந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான், வென்டிலேட்டருக்கு இல்லை" என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

கிளம்புவதா வேண்டாமா என்று தடுமாறினால் நான் வைத்திருந்த கேள்வி இது: அங்கே போனால் கிடைக்கப்போகிற ஒன்று இங்கே கிடைக்காததா? அது கிடைத்தால் அம்மாவுக்கு நல்லதாக நாலு நாளாவது கிடைக்குமா?

ஆறாம் படி: இது கடைசி நாட்களின் அறிகுறி என்றால்

சில புதிய அறிகுறிகளுக்குச் சரிசெய்யும் காரணம் இருக்காது. உடம்பு மெல்ல விலகுகிறது. நாள் முழுக்கத் தூக்கம், விழுங்க முடியாமை, சிறுநீர் குறைந்து கருப்பாவது, கைகால் சில்லிட்டு முட்டியில் ஊதாத் திட்டுகள், மூச்சு ஆழமாகி, சிறிதாகி, நின்று, மறுபடி தொடங்குவது. அரை நிமிடம்கூட நிற்கும். அந்த இடைவெளியில் நம் மூச்சும் நின்றுவிடும். ஒரு பகல் திடீரென்று தெளிந்து எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்பதும் உண்டு. அணையப்போகிற விளக்கு சுடர்விட்டு எரியும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அன்று வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருங்கள்.

தொண்டையில் களகளவென்று சத்தம் வரும்போது மூச்சு முட்டுகிறது என்று பயப்படுவோம். விழுங்க முடியாமல் தேங்கும் எச்சில்தான் அது. பெரும்பாலும் அவருக்கு அதில் தவிப்பு இருப்பதில்லை. ஒருபக்கமாகத் திருப்பி, தலையைச் சற்று உயர்த்தி, வாயோரம் துடைத்துவிடுங்கள். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சுவது வேதனையைத்தான் தரும். சத்தத்தைக் குறைக்கும் ஊசி, மாத்திரை உண்டு, சிஸ்டரிடம் கேளுங்கள்.

இந்த நேரத்தில்தான் சொந்தக்காரர்கள் வருவார்கள். "ஒரு ட்ரிப்ஸாவது ஏத்தக் கூடாதா? பட்டினி போட்டா கொல்றீங்க?" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் தளர்ந்த உடம்பில் ஏற்றும் தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கும். சாப்பிடாததால் உடம்பு போகவில்லை. உடம்பு போய்க்கொண்டிருப்பதால் பசி அடங்கிவிட்டது. இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. டாக்டரைப் போனில் பேசச் சொல்லி ஸ்பீக்கரில் போடுங்கள்.

அப்புறம் பால். பேரன் பேத்திகள் வரிசையாக வந்து பால் ஊற்றும் வழக்கம் நமக்கு உயிரானது. வேண்டாம் என்று யாரையும் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் விழுங்கும் சக்தி போனவர் வாயில் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய் இருமலும் திணறலுமாகக் கடைசி நேரத்தை வதைக்கும். சிஸ்டர் எங்களுக்குச் சொன்ன வழி: பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் மட்டும் தொட்டு வையுங்கள். துளசித் தீர்த்தமும் அப்படியே. எங்கள் வீட்டில் பதினோரு பேர் அப்படித்தான் கொடுத்தார்கள். காய்ந்த உதடு நனைந்தது, ஒருமுறைகூட அம்மா இருமவில்லை.

கண் திறக்காவிட்டாலும் பேசுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஹாஸ்பிஸில் நினைவிழந்து கிடந்த சிலரின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மணிநேரங்களிலும் ஒலிக்கு மூளை அசைந்து கொடுத்ததைக் கண்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நகை, பாகப்பிரிவினை, ஐஸ்பெட்டி பற்றிப் பேசுபவர்களைத் தயவு செய்து கூடத்துக்கு அனுப்புங்கள்.

நீங்களும் தூங்க வேண்டும். ராத்திரியை இரண்டாகப் பிரித்து, ஒருவர் இரண்டு மணிவரை, இன்னொருவர் அதற்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். தூங்காத கண்ணுக்கு எல்லா மாற்றமும் ஆபத்தாகத்தான் தெரியும்.

மூச்சு நின்றுவிட்டால் அவசரமாகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. 108 தேவையில்லை. குழுவைக் கூப்பிடுங்கள், நோயைத் தெரிந்த டாக்டர் வந்து பார்த்து இறப்புக்கான காரணச் சான்று தருவார், மயானத்திலும் அதைக் கேட்பார்கள். பதிவுக்கு 21 நாள் அவகாசம் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை நடந்தது. மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்ததும் சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அண்ணன்தான் போன் செய்தான். மணி, மூச்சு எண்ணிக்கை, கடைசி மருந்து எல்லாம் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான். "கஷ்டம் ஏதாவது தெரியுதா?" என்று சிஸ்டர் கேட்டார். அவன் குனிந்து அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இல்ல சிஸ்டர், சுருக்கமே இல்ல" என்றான். மீதியிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டு, மூன்றாம் நாள் சிஸ்டர் வந்தபோது திருப்பிக் கொடுத்தோம்.